புதுப்பிப்பு: தங்கையின் காலில் ரத்தக்கட்டி, மறுபரிசோதனை முடிவு

தங்கைக்கு இடது காலில் இரண்டாவது முறையாக ரத்தம் உறைந்ததையும், பரிசோதனையிலோ 'உறைய அதிக நேரம் ஆகிறது' என்று வந்து நாங்கள் குழம்பியதையும் முன்பு எழுதியிருந்தேன். 12 வாரம் கழித்து எடுத்த மறுபரிசோதனையும் பாசிட்டிவ். லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட் என்ற ஆன்டிபாடி, அதாவது உடம்பு தனக்கே எதிராக உண்டாக்கும் எதிர்ப்பொருள், அவள் ரத்தத்தில் இருக்கிறது.

பெயரே ஆளைக் குழப்பும். சோதனைக் குழாயில் அது ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறது, உடம்புக்குள்ளோ ரத்தக்கட்டியை உண்டாக்குகிறது. பெயரில் லூபஸ் இருந்தாலும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் அந்த லூபஸ் நோய் அவளுக்குக் கிடையாது. லண்டன் டாக்டர் கிரஹாம் ஹியூஸ் 1983இல் விவரித்த ஆன்டிபாஸ்போலிபிட் சின்ட்ரோம்தான் (இப்படிப்பட்ட ஆன்டிபாடிகளால் ரத்தம் உறையும் நோய்) இது. முதல் தடவை ரத்தம் உறைந்தபோது, உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஆறு மாதத்தில் நிறுத்தச் சொன்ன இடத்தில் இந்தப் பரிசோதனையை எடுக்கவே இல்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் போய் வருகிறோம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையைத் தொடர வேண்டும், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். போன வாரம் 1.6தான். விசாரித்தால், பிள்ளை இளைத்துவிட்டாள் என்று அம்மா பத்து நாளாகத் தினமும் முருங்கைக்கீரை பொரித்துப் போட்டிருக்கிறாள்! கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். கீரையே கூடாது என்றில்லை, வாராவாரம் ஒரே அளவாக இருக்கட்டும் என்றார் டாக்டர்.

சரி, வார்ஃபரினுக்குப் பதில் ரிவராக்சபான் (ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரை) கொடுக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: இந்த நோய்க்காகப் பார்க்கும் மூன்று ஆன்டிபாடியும் பாசிட்டிவாக இருப்பவர்களுக்கு அது வார்ஃபரினுக்கு ஈடாகாது. இவளுக்கு மூன்றுமே பாசிட்டிவ்.

கல்யாணப் பேச்சு நடக்கிறது. கர்ப்பத்துக்கு முன்பே சொன்னால் வார்ஃபரினிலிருந்து ஹெப்பாரின் ஊசிக்கு (இதுவும் ரத்தம் உறையாமல் தடுப்பதுதான்) மாற்றுவார்களாம். மாப்பிள்ளை வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். அப்புறம், கெண்டைக்கால் வீக்கம் இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது, நேற்று நானே டேப் வைத்து அளந்தேன்.