மறு: ‘தள்ளு ஈர்ப்பு’க்கு வேறு சொல்

> லெ சாஜ் கொள்கைக்கு ‘நிழல் ஈர்ப்பு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, வணக்கம்.

சொல் சின்னது, அழகானது, சரி. ஆனால் ‘ஈர்ப்பு’ என்றாலே இழுப்பு வந்துவிடுகிறதே! பொருள்கள் ஒன்றையொன்று இழுப்பதில்லை, வெளியிலிருந்து தள்ளப்படுகின்றன என்ற லெ சாஜ் ஒழிக்கப் பார்த்தது அந்த இழுப்பைத்தான். நியூட்டன் கையாண்ட ‘கிராவிடாஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்குக் ‘கனம்’ என்றுதான் பொருள்; இழுப்பா தள்ளலா என்று அது வாயே திறக்காது.

1690-இல் நியூட்டனின் நண்பர் ஃபாட்டியோ முன்வைத்து, 18-ஆம் நூற்றாண்டில் ஜெனீவாக்காரர் லெ சாஜ் விரித்தெழுதிய கொள்கை இது. வெளியெங்கும் நுண்துகள்கள் எல்லாத் திசைகளிலும் பறக்கின்றன. தனியாக நிற்கும் பொருளுக்கு எல்லாப் பக்கமும் ஒரே அடி, அதனால் அசையாது. பக்கத்தில் இன்னொன்று வந்தால் ஒன்றுக்கு வரும் துகள்களில் கொஞ்சத்தை மற்றது தடுக்கும். வெளிப்பக்க அடி ஓங்கி இரண்டும் நெருங்கும். தொலைவு இருமடங்கானால் தடுக்கப்படும் பங்கு கால்வாசியாகிறது. தலைகீழ் இருமடி விதி தானாக வந்து விழுகிற இந்த இடம் எனக்கு இன்றும் பிடிக்கும்.

ஆக, நடப்பவை இரண்டு: மறைப்பது, உந்துவது. என் பரிந்துரை மறைப்புந்தல். ‘தள்ளல்’ என்னாமல் ‘உந்தல்’ என்றதற்குக் காரணம், துகள்கள் கொடுப்பது உந்தத்தை (momentum). பாடநூல் சொல்லோடு ஒட்டிப் போகும்.

‘நிழல்’ ஏன் வேண்டாம்? துகள்களைப் பொருள் விழுங்கினால் அது தாங்கமுடியாத அளவு சூடாகவேண்டும் என்று 1875-இல் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் மடக்கினார். சரி, விழுங்காமல் அப்படியே எகிறித் திரும்புகின்றன என்றால், தடுபட்டவற்றின் இடத்தை எகிறியவை நிரப்பி விசையே காணாமல் போகும். ‘நிழல்’ என்றால் விழுங்குவது மட்டுமே மனத்தில் நிற்கிறது; ‘மறைப்பு’ இரண்டுக்கும் பொது.

ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலிலும் இழுப்பு இல்லை, ‘ஈர்ப்பலை’ என்றுதானே எழுதுகிறோம் என்று கேட்பீர்கள். அது ஊறிப்போன பெயர், இருக்கட்டும். இங்கே தள்ளுவதுதான் கொள்கையின் உயிர்.

ஈர்ப்பு பற்றி இயற்பியலாளர் வெர்லிண்டே 2010-இல் சொன்ன கருத்தை இந்தப் பெயரில் சேர்க்கவேண்டாம். அதில் மோதும் துகளும் இல்லை, மறைப்பும் இல்லை. என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) கூடும் திசையில் விசை எழுகிறது. ‘என்ட்ரோபி ஈர்ப்பு’ என்றே இப்போதைக்கு ஓட்டலாம்.

ஒரு குறை உண்டு: சேர்த்தெழுதினால் சிலர் ‘மறைப் புந்தல்’ என்று படிக்கக்கூடும். கட்டுரையில் முதல் தடவை ‘மறைப்பு உந்தல்’ என்று பிரித்தே போட்டுவிடுங்கள்.