புதுப்பிப்பு: கன்னியாகுமரி லாட்ஜில் தொலைந்த பை – பணம் வந்துவிட்டது

அறையைக் காலி செய்தபின் டோக்கன் வாங்கி லாட்ஜில் வைத்த பை, விவேகானந்தர் பாறைக்குப் போய்த் திரும்புவதற்குள் காணாமல் போனதைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்ததில் புகார் எண் கிடைத்தது, அதோடு சரி. பலித்தது, ஒப்படைத்த பொருளைத் தன் பொருள் போலக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற ஒப்பந்தச் சட்டம் 151-வது பிரிவைக் காட்டி லாட்ஜுக்குக் கடிதம் கொடுக்கச் சொன்ன நாகர்கோவில் அண்ணாச்சியின் யோசனைதான். மேனேஜர் 'பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' போர்டைக் காட்டினார். கவனக்குறைவு இருந்தால் போர்டு காப்பாற்றாது என்று ஹோட்டலில் கார் திருடுபோன வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை இணைத்திருந்தேன். பத்தாம் நாள் 6,500 ரூபாய் வந்தது, கேட்டது 8,000.

எதிர்பாராதது ஒன்று: பைகளை அடுக்கியிருந்ததே அவசர வழிப் படிக்கட்டில்! தீப்பிடித்தால் எந்த வழியாக இறங்குவதாம்? அந்தப் போட்டோவையும் கடிதத்தோடு வைத்தேன். டோக்கனின் அசலைக் கேட்டார்கள், நகல்தான் கொடுத்தேன்.