புதுப்பிப்பு: ஸ்டாக் வீடியோவில் ஒலியும் விலையும்

ஸ்டாக் வீடியோ என்றால், பிறர் தங்கள் படைப்பில் பயன்படுத்திக்கொள்ள இணையதளங்கள் வழியாக விற்கும் சிறு வீடியோ கிளிப். அப்படி விற்கும் கிளிப்பில் ஒலியை விட்டுவைக்கலாமா, விலையை எப்படி முடிவு செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது தெளிவு வந்திருக்கிறது.

அலை, மழை, காடு என்றால் ஒலியோடுதான் ஏற்றுகிறேன். தனி மைக்கில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற ஒலித்தரத்தில் பதிவு செய்கிறேன். ஒலியளவின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். மைக்குக்குக் காற்றுத்தடுப்பு உறை இல்லாமல் கடற்கரைக்குப் போகவே வேண்டாம், அந்த இரைச்சலைப் பிறகு எடுக்கவே முடியவில்லை. தூரத்தில் பாட்டு கேட்டாலோ, யாரோ பேசுவது புரிந்தாலோ ஒலியை முழுசாக நீக்கிவிடுகிறேன். பாட்டின் உரிமை வேறொருவருடையது, பேசியவரிடம் ஒப்புதலும் வாங்கவில்லை.

அப்புறம் விலை. ஷட்டர்ஸ்டாக் என்ற விற்பனைத் தளத்தில் அவர்கள் வைப்பதுதான் விலை. பாண்ட்5 தளத்தில் நாமே வைக்கலாம். எல்லோரிடமும் இருக்கும் மேகக் காட்சிக்குக் குறைவாகவும், மறுபடி படம்பிடிக்க முடியாத காட்சிக்குத் தயங்காமல் அதிகமாகவும் வைத்திருக்கிறேன்.