உயிலில் குத்திய பின்னைக் கழற்றாதீர்கள்: இங்கிலாந்தில் உயிலும் புரொபேட்டும்

இங்கிலாந்துக்கோ வேல்ஸுக்கோ புதிதாக வருகிறவர்களுக்கு வாடகை வீடு, பள்ளிக்கூடம், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் சொல்லித்தர ஆள் இருக்கிறது. உயிலைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு அந்தப் பேச்சு என்று நானும் தள்ளிப்போட்டவன்தான். என் நண்பர் ஒருவர் 44 வயதில் மாரடைப்பில் இறந்தார். அவருடைய உயிலில் எக்ஸிக்யூட்டர், அதாவது உயிலில் உள்ளதை நிறைவேற்றும் பொறுப்பாளர், என்று என் பெயர் இருந்தது. அதற்குப் பிறகு பதினோரு மாதம் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பின். நண்பரின் உயில் மூன்று தாள், இடது மூலையில் ஒரு ஸ்டேப்ளர் பின். ஸ்கேன் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று அதைக் கழற்றிவிட்டு, திரும்பக் குத்தி, மூல உயிலை நீதிமன்ற அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தேன். தாளில் இரண்டு ஜோடி ஓட்டை. வேறு ஏதாவது தாள் இதோடு இருந்ததா, யாராவது உருவிவிட்டார்களா என்று கேட்டுக் கடிதம் வந்தது. கேட்பது நியாயம்தான், உயிலோடு பின்னால் ஒரு திருத்தம் சேர்த்திருந்தால் அதையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். வீட்டுக் கடன் தவணையை நினைத்து நண்பரின் மனைவி தூங்காமல் இருந்த நாட்களில், இதற்காகவே பல வாரங்கள் போயின. மூல உயிலில் பின் குத்தாதீர்கள், கிளிப் போடாதீர்கள், மடிக்காதீர்கள். நகல் வேண்டுமென்றால் பின்னோடு அப்படியே தாளைத் திருப்பித் திருப்பிப் படம் எடுங்கள்.

சரி, புரொபேட் என்றால் என்ன? உயில் கையில் இருப்பதாலேயே வங்கி பணத்தைத் தந்துவிடாது. இந்த உயில் உண்மையானது, இன்னாருக்கு இதை நிறைவேற்றும் அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் தரும் ஆணைதான் புரொபேட். உயில் இல்லாவிட்டால் அதே இடத்தில் வேறொரு ஆணை வாங்க வேண்டும், அதற்கு லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் என்று பெயர். எல்லாவற்றுக்கும் இது தேவைப்படாது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் உள்ள வங்கிக் கணக்கு மற்றவருக்கு நேராகப் போய்விடும். ஜாயின்ட் டெனன்ட்ஸ் (இருவரும் சேர்ந்து முழு வீட்டுக்கும் உரிமையாளர்) என்று பதிவான வீடும் அப்படியே. டெனன்ட்ஸ் இன் காமன் (ஆளுக்கு ஒரு தனிப் பங்கு) என்று பதிவாகியிருந்தால் இறந்தவரின் பங்கு உயில்படிதான் போகும். உங்கள் வீட்டுப் பத்திரத்தில் எது இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். ஒருவர் பெயரில் மட்டும் இருக்கும் வீட்டை ஆணை வராமல் விற்க முடியாது. சிறு தொகை என்றால் வங்கியே விட்டுக்கொடுக்கும், ஆனால் அந்த வரம்பு வங்கிக்கு வங்கி மாறும். இறுதிச் சடங்குச் செலவுக்கு மட்டும் பயப்பட வேண்டாம், பில்லைக் காட்டினால் முடக்கிய கணக்கிலிருந்தே பெரும்பாலான வங்கிகள் கட்டிவிடுகின்றன.

உயிலே எழுதாமல் போனால் என்ன ஆகும் என்பதுதான் நம்மவர்கள் பலரும் தப்புக் கணக்குப் போடும் இடம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் நால்வருமே முதல் வகுப்பு வாரிசுகள், அம்மாவுக்கும் சம பங்கு. இங்கே உள்ள வீட்டுக்கும், இங்கேயே நிரந்தரமாகக் குடியேறிவிட்டவரின் பணத்துக்கும் அந்தக் கணக்கு செல்லாது. மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், இறந்தவரின் சொந்தப் பொருட்களும் முதல் 3,22,000 பவுண்டும் (2023 ஜூலையிலிருந்து இந்தத் தொகை) மனைவிக்கு. மீதியில் பாதி மனைவிக்கு, பாதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இல்லையென்றால் மொத்தமும் மனைவிக்கு. அம்மாவுக்கு ஒரு பென்னிகூட இல்லை. மாதாமாதம் ஊருக்கு அனுப்பும் பணத்தில்தான் அம்மாவின் மருந்துச் செலவு ஓடுகிறது என்றால், அவருக்கு இவ்வளவு என்று நீங்கள்தான் எழுதிவைக்க வேண்டும்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஊரில் முறைப்படி நடந்த திருமணத்தை இங்கே ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் இங்கேயே கோயிலிலோ மண்டபத்திலோ தாலி கட்டிவிட்டு, சட்டப்படியான பதிவைச் செய்யாமல் விட்டிருந்தால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் கணவன் மனைவி இல்லை. உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் மற்றவருக்குத் தானாக எதுவும் வராது. வழக்குப் போட்டுக் கேட்கலாம், அதற்கு 1975-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் துக்க வீட்டில் இருப்பவரை அந்த நிலைக்குத் தள்ளாதீர்கள். எழுதிவைத்த உயில் பிறகு நடக்கும் திருமணத்தால் ரத்தாகிவிடும் என்பதும் இங்கே சட்டம். கல்யாணத்துக்கு முன் எழுதியவர்கள் மறுபடியும் எழுதுங்கள்.

கையெழுத்து விஷயத்தில் 1837-ஆம் வருட உயில் சட்டம்தான் இன்றும். நீங்கள் கையெழுத்துப் போடும்போது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் எதிரில் இருக்க வேண்டும். சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ உயிலில் ஏதாவது கொடுத்திருந்தால், உயில் நிற்கும், அந்தப் பங்கு போய்விடும். அதனால் தம்பியைச் சாட்சி போட வைத்துவிட்டு அவருக்கே காரை எழுதிவைக்காதீர்கள். ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம், அங்கே சட்டம் வேறு.

ஊரில் நிலமோ வீடோ இருந்தால், அதற்கு அந்த நாட்டுச் சட்டம்தான். அதனால் ஊர்ச் சொத்துக்குத் தனி உயில், இங்குள்ளதற்குத் தனி உயில் என்று இரண்டு வைப்பது நல்லது. இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அச்சடித்த உயில் படிவத்தின் முதல் வரியிலேயே 'இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்' என்று இருக்கும். இங்கே அதில் கையெழுத்துப் போட்டால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்து வைத்த ஊர் உயிலும் ரத்தாகிவிடலாம். 'இந்த உயில் இங்கிலாந்தில் உள்ள சொத்துக்கு மட்டும்' என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

இறந்தவர் விட்டுப்போகும் சொத்துக்கான வரியைப் பற்றிச் சுருக்கமாக: 3,25,000 பவுண்டுக்கு மேல் 40 சதவீதம், கணவன் மனைவிக்குப் போவதற்குப் பொதுவாக வரி இல்லை. கடந்த 20 வரி வருடங்களில் 10 வருடம் இங்கே வசித்தவர் என்றால், 2025 ஏப்ரலிலிருந்து ஊரில் உள்ள சொத்தும் பொதுவாகக் கணக்கில் வரும். இறந்த மாதம் முடிந்து ஆறு மாதத்துக்குள் வரி கட்ட வேண்டும், புரொபேட் கைக்கு வரும் முன்பே கட்ட வேண்டிவரலாம். எக்ஸிக்யூட்டராக இருப்பவர்கள் கடனையும் வரியையும் தீர்க்காமல் பங்கு பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள், பிறகு அந்தப் பொறுப்பு உங்கள் சொந்தப் பணத்தின் மேல் விழும். வேலை பார்க்கும் இடத்தில் டெத் இன் சர்வீஸ் தொகை (வேலையில் இருக்கும்போதே இறந்தால் தரும் பணம்) இருந்தால் அது பெரும்பாலும் உயிலுக்குள் வராது. யாருக்குப் போக வேண்டும் என்று தனிப் படிவம் இருக்கும், நிரப்பிக் கொடுங்கள்.

சொத்தே இல்லை, வாடகை வீடுதான் என்பவர்களுக்கும் சின்னப் பிள்ளைகள் இருந்தால் உயில் வேண்டும். அப்பா அம்மா இருவரும் இல்லாமல் போனால் பிள்ளைகளை யார் வளர்ப்பது என்று அதில் எழுதலாம். எழுதாவிட்டால் நீதிமன்றம் முடிவு செய்யும். நண்பர் போன அடுத்த மாதம் நானும் என் மனைவியும் உட்கார்ந்து எழுதினோம். கார்டியனாக என் தங்கை பெயர். அவள் ஊரிலிருந்து விசா வாங்கி வந்து சேரும்வரை பிள்ளைகளை வைத்துக்கொள்ள, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு குடும்பத்தின் பெயர். இருவரிடமும் முதலில் கேட்டுவிட்டுத்தான் எழுதினோம். தங்கையிடம் போனில் கேட்டபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பெரியவனுக்கு ராத்திரி லைட் போட்டே தூங்குற பழக்கம் இன்னும் இருக்கா அண்ணா?" என்று கேட்டாள்.