ஹசுயின் 'ஷிபா சோஜோஜி': முத்திரையும் ஒட்டுநாடாவும், உதவி தேவை

வணக்கம். ஜப்பானிய ஓவியர் கவாசே ஹசுயின் 'ஷிபா சோஜோஜி' மரக்கட்டை அச்சு ஒன்று என்னிடம் இருக்கிறது, அதைப் பற்றி இரண்டு கேள்விகள். 1925இல் வந்த படம். கொட்டும் பனியில் குடை பிடித்த பெண், பின்னால் கோயிலின் சிவப்பு வாயில். தாள் சுமார் 39 × 26 செ.மீ.

கையச்சு என்பதில் சந்தேகமில்லை. பின்புறம் சிவப்பு ஊறித் தெரிகிறது, பாரென் (தாளைக் கட்டையில் அழுத்தும் வட்டமான கைக்கருவி) தேய்த்த சுழல் தடங்களும் உண்டு. லென்ஸில் பார்த்தால் ஆஃப்செட் இயந்திர அச்சின் நுண்புள்ளிகள் இல்லை. பதிப்பாளர் வதனபேயின் வட்ட முத்திரை இருப்பதால் முதற்பதிப்பு அல்ல, போருக்குப் பிந்தையது. முத்திரையின் விட்டம் 6 மி.மீ. என்றால் 1957க்கு முன். 7 என்றால் அதற்குப் பின். இங்கே மை பரவி 6.5 காட்டுகிறது! உறுதியான 6 மி.மீ. பிரதி வைத்திருப்பவர்கள், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து முத்திரையைப் படமெடுத்துப் போட முடியுமா?

அடுத்தது, இதைவிட அவசரம். பின்புற மேல் விளிம்பில் பழுப்பேறிய ஒட்டுநாடா இரண்டு துண்டு. உலர்வாக உரித்தால் கோசோ (இந்தத் தாள் செய்யும் ஜப்பானிய மல்பெரி வகை) நாரின் மேல்தோல் கூடவே வந்துவிடும். தண்ணீர் வைத்தால் சிவப்பு கசியும். வெளுப்பான் வேண்டவே வேண்டாம்: பனி பெரும்பாலும் மை படாத வெறும் தாள்தான், அதில் எந்தத் திட்டும் உடனே கண்ணில் படும். சூடான ஸ்பேட்டுலாவால் நாடாவைத் தூக்கி, மிச்சப் பசையைக் கிரேப் ரப்பரால் (பசையை உருட்டி எடுக்கும் ரப்பர் கட்டி) எடுக்கலாம் என்று எண்ணம். நாருக்குள் இறங்கிய பசைக்கு எந்தக் கரைப்பான், எவ்வளவு நேரம்? காகிதப் பாதுகாப்பு வேலை தெரிந்தவர்கள் மட்டும் சொல்லுங்கள்.