எஸ்கலேட்டர் கைப்பிடி: பிடித்தால் விழுவோமா, பிடிக்காவிட்டால் விழுவோமா?

சென்னிமலைத் தறி: "வயசானவர்கள் எஸ்கலேட்டரில் விழுவதே கைப்பிடியைப் பிடிப்பதால்தான், சும்மா நின்றால் போதும்" என்று பீளமேட்டு ஃபிட்டர் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஆடித் தள்ளுபடிக்கு ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போன எங்கள் பெரியம்மா, கைப்பிடியைப் பிடிக்காமல்தான் விழுந்தார். படியின் முனை கிழித்துக் காலில் தையல்.

பீளமேட்டு ஃபிட்டர்: முழுசாகப் படிக்கோணுங்க. கைப்பிடி தனி பெல்ட், படி தனி சங்கிலி. கைப்பிடி படியைவிட இரண்டு சதவீதம் வரை வேகமாக ஓடலாம் என்று ஐரோப்பிய விதி இஎன் 115 சொல்லுது. மில்லில் பெல்ட்டோடயே தலை நரைத்தவன் நான்.

கோபி வாய்க்கால்: இரண்டு சதவீதத்துக்கா இத்தனை அலப்பறை?

பீளமேட்டு ஃபிட்டர்: பத்து மீட்டர் ஏறினால் 20 சென்டிமீட்டர். கை முன்னால் போகும், உடம்பு பின்னால் நிற்கும். கணக்கு தெரிந்தவங்க மட்டும் பேசுங்க.

சிங்காநல்லூர் நர்ஸ்: காயத்துக்குக் கட்டுப் போடுகிறவள் சொல்கிறேன். கால் வைத்து ஏறும் இடமும் இறங்கும் இடமும்தான் ஆபத்து. பெரியவர்களுக்குத் தலையிலும் இடுப்பிலும் அடிபடும். குழந்தைகளின் மெத்து ரப்பர் செருப்பு பக்கச் சந்தில் மாட்டிக்கொள்ளும். அங்கே காலைக் கொண்டுபோகாமல் இருக்கத்தான் ஓரத்தில் பிரஷ் வைத்திருக்கிறார்கள், ஷூ துடைக்க அல்ல. மஞ்சள் கோட்டுக்குள் நில்லுங்கள், கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளுங்கள், ஒரு கையாவது காலியாக இருக்கட்டும். கைப்பிடி முன்னே போனால் கையைப் பின்னுக்கு நகர்த்தினால் ஆச்சு.

பீளமேட்டு ஃபிட்டர்: ஆக, நகர்த்தோணும்னு ஒத்துக்கிட்டீங்க. அதைத்தானுங்க நானும் சொன்னேன்.

சிங்காநல்லூர் நர்ஸ்: நான் எங்கே ஒத்துக்கொண்டேன்?

திருப்பூர் பனியன்: விடுங்க அக்கா. கோயமுத்தூரில் மோட்டாரும் கிரைண்டரும் செய்கிறார்கள் என்பதற்காக, சுத்துகிறது எல்லாம் இவர் பாட்டன் சொத்து. போர்வெல் மோட்டார் சண்டையிலும் இதே கதைதான்.

பீளமேட்டு ஃபிட்டர்: அந்தச் சண்டையில் பாதியில் ஓடியது யாருங்க? பனியனைத் தைக்கிற வேலையைப் பாருங்க.

திருப்பூர் பனியன்: அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டுதானே தட்டச்சு செய்கிறீர்கள்?

சத்திக்காரன்: எதுக்கு வம்பு, லிஃப்டில் போங்க. அதுவும் எஸ்கலேட்டர் மாதிரிதானே.

சென்னிமலைத் தறி: ஜப்பானில் சைதாமா மாகாணத்தில் 2021 முதல் எஸ்கலேட்டரில் நடக்காமல் நின்றுதான் போகவேண்டும் என்று விதியே இருக்கிறது. அவர்கள் என்ன முட்டாள்களா?

பீளமேட்டு ஃபிட்டர்: நிற்கச் சொல்லுது. பிடிக்கச் சொல்லுதா?

சிங்காநல்லூர் நர்ஸ்: யாராவது விழுந்தால் மேலேயும் கீழேயும் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்குவார்கள். படி நின்றுவிடும். கைப்பிடியைப் பிடிக்காமல் விறைத்து நிற்கும் உங்களைப் போன்றவர்தான் அப்போது முதலில் சாய்வார். அதனால்தான் "கைப்பிடியைப் பிடிங்க" என்று கத்திவிட்டு அமுக்க வேண்டும்.

பீளமேட்டு ஃபிட்டர்: அப்படின்னா தப்பு பொத்தானை அமுக்கினவன் மேல்தானே? என் மேல் ஏன் வர்றீங்க?

கோபி வாய்க்கால்: இவரை வைத்துக்கொண்டு மில் எப்படி ஓடியது?

பீளமேட்டு ஃபிட்டர்: நான் இருந்த வரைக்கும் ஓடுச்சு. தறிக்காரரே, அந்தக் கடை எதுன்னு சொல்லுங்க, நானே வந்து பெல்ட்டை அளக்கிறேன்.

சென்னிமலைத் தறி: பேரைச் சொல்ல முடியாது. மாமன் அங்கே வேலை பார்க்கிறார்.

பீளமேட்டு ஃபிட்டர்: சொல்லமாட்டீங்க. பெல்ட் தளர்ந்திருக்கும்.

கோபி வாய்க்கால்: தளர்ந்தால் வழுக்கிப் பின்தங்கும். வேகமாக எப்படிங்க ஓடும்?

பீளமேட்டு ஃபிட்டர்: முன்னால போகுதோ பின்னால போகுதோ, சமமா ஓடலைல்ல? அதைத்தான் நேத்திலிருந்து சொல்லிட்டிருக்கேன்.