மறு: அப்சோபருக்குத் தமிழ் – ‘அதிர்வு உறிஞ்சி’க்கு ஒரு மறுப்பு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

காரின் ஷாக் அப்சோபருக்குத் தமிழ்ச் சொல்லாக ‘அதிர்வு உறிஞ்சி’ கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மறுப்பு. மச்சானுடைய பட்டறையில் பில் எழுதுவது என் வேலை. காடியைக் கொண்டுவருகிறவர் என்ன குறை சொல்கிறார், மச்சான் எதைக் கண்டுபிடிக்கிறார், கடைசியில் காசு எதற்குப் போகிறது, மூன்றும் என் கண்ணெதிரே நடக்கின்றன. (காடி என்றதும் தமிழ்நாட்டு நண்பர்கள் புளித்த கஞ்சியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே காடி என்றால் கார்.)

> ஈப்போ ஐயா எழுதியது: ஷாக் என்றால் அதிர்வு, அப்சோபர் என்றால் உறிஞ்சுவது. நேரடியான சொல். இதில் என்ன சிக்கல்?

ஐயா, சிக்கல் ஆங்கிலப் பெயரிலேயே இருக்கிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த அடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கியதை அது தன்னிடம் வைத்துக்கொள்ளாது, திருப்பித் தந்துவிடும். அதை அப்படியே விட்டால் காடி மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்கத்தான் அப்சோபர். குழலுக்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் பிஸ்டன், பிஸ்டனில் சின்னத் துளைகளும் வால்வுகளும். தண்டு ஏறி இறங்கும்போது எண்ணெய் அந்தத் துளைகளில் நெருக்கியடித்துப் போகிறது, ஆட்டம் சூடாக மாறிக் கரைகிறது. மோசமான சாலையில் வேகமாக ஓடி வந்த காடியின் அப்சோபரைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். இதனால்தான் பொறியாளர்கள் இதை டேம்பர், அதாவது ஆட்டத்தை அடக்குவது, என்கிறார்கள்.

> கிள்ளான் தம்பி எழுதியது: பேரு எதுவா இருந்தா என்ன அண்ணே, சாமான் ஒன்னுதானே?

தம்பி, சாமான் ஒன்றுதான். ஆனால் பேரை நம்பித்தான் இங்கே ஆட்கள் சாமான் மாற்றுகிறார்கள். மலேசியக் கார்களான 1985இல் வந்த சாகாவும் 1993இல் வந்த வீராவும் 1994இல் வந்த கஞ்சிலும் எங்கள் பக்கம் இன்னும் ஓடுகின்றன, அதுவும் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை லோரிகள் உழுதுபோட்ட தோட்டத்துச் சாலைகளில். கொண்டுவருகிற எல்லாரும் சொல்வது ஒரே வாக்கியம்: “ரொம்பத் தூக்கிப் போடுது.” அதிர்வை உறிஞ்சுவது அப்சோபர், இப்போது அதிர்கிறது, அப்படியானால் அப்சோபர் செத்துப்போச்சு. கணக்கு முடிந்தது.

ஆனால் ‘தூக்கிப் போடுது’ என்பதற்குள் இரண்டு வெவ்வேறு நோய் ஒளிந்திருக்கிறது.

ஒன்று துள்ளல். மேட்டைத் தாண்டிய பிறகும் காடி நிலைக்கு வராமல் எழும்பி எழும்பி அடங்கும். வளைவில் சாயும், பிரேக் அடித்தால் மூக்கு குத்தும். இது அப்சோபர் நோய்தான். காடியின் ஒரு மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் ஒரு தரம் எழும்பி நின்றுவிட வேண்டும், ஊஞ்சலாடக் கூடாது. அழுத்திப் பார்ப்பது மட்டும் போதாது. குழலில் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் (லேசான ஈரப்பசை பரவாயில்லை). டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்க்க வேண்டும். தேய்மானம் அலை அலையாகக் கையில் தட்டுப்பட்டால், சக்கரம் சாலையில் ஒட்டாமல் குதித்துக்கொண்டு வந்திருக்கிறது.

இன்னொன்று இடி. சின்னக் கல்லில் ஏறினாலும் ‘டக்’கென்று முதுகெலும்பில் வந்து குத்தும், ஆனால் காடி ஆடாது. இதில் அப்சோபர் பெரும்பாலும் குற்றவாளி அல்ல. தண்டு இறுகிப்போன அப்சோபர் என்றால் இடிக்கும், அது அரிது. மற்றபடி புதிதாகக் கெட்டியான ஹெவி டூட்டி அப்சோபர் போட்டால் இடி கூடுமே தவிரக் குறையாது.

பழைய தோட்டத்துக் கிராணி (கணக்கர்) ஒருவருடைய வீராவைச் சொல்கிறேன். வேறொரு பட்டறையில் நான்கு அப்சோபரும் புதிதாக மாற்றிவிட்டு, இடி அப்படியே இருக்கிறதே என்று எங்களிடம் வந்தார். மச்சான் ஸ்பானரையே எடுக்கவில்லை. முதலில் காற்று பார்த்தார். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்வதைவிட நிறைய ஏற்றியிருந்தது. கெட்டியாக இருந்தால் பெட்ரோல் மிச்சமாகும் என்று யாரோ சொன்னார்களாம். அப்புறம் டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கம். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. டயரின் பூ (மேல் வரிகள்) நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ரப்பர் வயசாகி நகம் இறங்காத அளவுக்கு இறுகியிருந்தது.

பிறகு முன்சக்கரத்தைக் கழற்றி, அப்சோபர் தண்டின் மேல் இருக்கும் புழுதி உறையை விரலால் தூக்கினார். உள்ளே இருக்க வேண்டிய நுரை ரப்பர் மஞ்சள் தூளாக அவர் உள்ளங்கையில் கொட்டியது. ஸ்பிரிங்கும் தளர்ந்து காடி தாழ்ந்திருந்தது. பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கி முடிகிற இடத்தில் மெதுவாகத் தாங்குவதற்கு அந்த ரப்பர் இல்லை, இரும்பு இரும்பில் போய் முட்டியிருக்கிறது. சக்கரத்தைக் காடியோடு இணைக்கும் கீழ் ஆர்மின் மூட்டில் இருக்கும் புஷ் ரப்பரும் கடப்பாறையால் நெம்பியதும் வாய் பிளந்தது. பழைய அப்சோபர்கள் அப்போதே நன்றாக இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியும். பில்லில் நான் எழுதியது ஸ்பிரிங், புஷ், அந்த நுரை ரப்பர், டயர். அப்சோபர் என்ற சொல்லே இல்லை.

புஷ் மாற்றுகிற நண்பர்களுக்கு, விவாதத்துக்கு வெளியே ஒரு குறிப்பு: காடியை ஜாக்கில் தூக்கிய நிலையில் அந்த போல்ட்டை இறுதியாக முறுக்காதீர்கள். சக்கரம் பாரம் தாங்கி நிற்கும்போது முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். அப்சோபருக்கு என் பரிந்துரை ‘துள்ளலடக்கி’.

> சென்னை அக்கா எழுதியது: பாடநூலில் தடையுறு அலைவு என்று இருக்கிறது. அதை ஒட்டி ‘அலைவுத்தடுப்பி’ எனலாமே?

அக்கா, பொருள் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் தடுப்பது வேறு, அடக்குவது வேறு. சக்கரம் ஒரு தரம் ஏறி இறங்கத்தான் வேண்டும், அதைத் தடுத்தால் கிராணியின் முதுகு போச்சு. மேலும் ‘துள்ளலடக்கி செத்துப்போச்சு’ என்று மச்சானால் சொல்ல முடிகிறது, சொல்ல வைத்தும் பார்த்துவிட்டேன். அலைவுத்தடுப்பிக்கு அவர் முகத்தைச் சுளித்தார்.

காடியைச் சக்கரங்களின் மேல் தாங்கும் மொத்த அமைப்பான சஸ்பென்ஷனுக்குத் ‘தொங்கமைப்பு’ என்று முன்பே பட்டியலில் இருப்பதையும் மாற்றலாம் என்பேன். ஐரோப்பாவில் குதிரை வண்டியின் பெட்டியைத் தோல் வாரில் கட்டித் தொங்கவிட்ட காலத்தில் அந்தப் பெயருக்குப் பொருள் இருந்தது. நம் காடி எதிலும் தொங்கவில்லை, ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வில் வைத்த மாட்டு வண்டியை வில்வண்டி என்று நம்மவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அந்த வழியில் ‘வில்லமைப்பு’. வில்வண்டியின் பட்டை வில்லில் தகடுகள் ஒன்றோடொன்று உரசி ஆட்டத்தை ஓரளவு தாமே அடக்கிக்கொள்ளும். காடியில் இருக்கும் சுருள்வில்லில் அந்த உரசல் இல்லை, அதனால்தான் அதற்குத் துள்ளலடக்கி இல்லாமல் முடியாது. இரண்டு சொல்லையும் பக்கத்தில் வைத்தால் பட்டறைப் பையன்களுக்கு வேலைப் பங்கீடு தானாகப் புரியும். பல பேருந்துகளில் ஸ்பிரிங்கே இல்லையே என்று யாராவது கேட்பார்கள். அங்கே காற்றுப்பை அந்த வேலையைச் செய்கிறது, காற்றுவில் என்றால் போதும்.

தூளாகிப்போன அந்த நுரை ரப்பருக்கு ‘முட்டுக்கட்டை’ என்று ஈப்போ ஐயா எழுதியிருந்தார். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் காரியத்தைக் கெடுக்கிறவனுக்கு அந்தப் பேரை வைத்துவிட்டோம். இது காரியத்தைக் காக்கிறது. ‘முட்டுரப்பர்’ என்று விடலாம். புஷ் அப்படியே புஷ்ஷாக இருக்கட்டும், யாராவது அதைப் புதர் என்று மொழிபெயர்ப்பதற்குள். பால் ஜாயின்ட்டுக்குத் தம்பி சொன்ன ‘பந்துமூட்டு’ எனக்குச் சம்மதம்.

மாட்டிக்கொண்டு நிற்பது மக்பர்சன் ஸ்ட்ரட். சுருள்வில்லும் துள்ளலடக்கியும் ஒரே காலில் சேர்ந்து, காடியின் பாரத்தையும் தாங்கி, ஸ்டீரிங்கோடு திரும்பவும் செய்கிற சாமான் அது. ‘வில்கால்’ என்று ஒன்று தோன்றுகிறது, ஆனால் அடக்கி அதில் காணாமல் போய்விடுகிறது. சென்னை அக்கா, இதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?